திருநீறு வைக்கும் பலகை

லேப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பு கழற்றும் இடத்துக்கு நேர் மேலே, சுவரில் ஒரு மரப் பலகை அடித்திருக்கும். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். இப்போது அந்தச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்களாம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேலையை விட்டு வீட்டில் இருக்கிற எனக்குப் போன் செய்தாள்.

"சார், அந்தப் பலகையில நாங்க போன் சார்ஜர் வெக்கறோம். அது எதுக்கு அடிச்சதுன்னு இங்க யாருக்கும் தெரியல. புடுங்கிடலாமான்னு பெயின்டர் கேக்கறாரு."

"எதுக்கு அடிச்சதுன்னு தெரிஞ்சுகினு அப்புறம் புடுங்குங்கம்மா" என்றேன்.

"அப்ப எழுதிக் குடுங்க சார், நோட்டீஸ் போர்டுல போட்டுடறோம்" என்று சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வருவதில் தப்பில்லை. எனக்கு அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. நோட்டீஸ் போர்டில் அடங்குமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பல வருஷம் அட்டைப்பெட்டி அடுக்கினேன். அது மூடிய பிறகு, 2006-ல், ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் புதிதாக வந்த இந்த லேப்பில் உதவியாளாகச் சேர்ந்தேன். அப்போது அந்த ரோடு முழுக்கப் புழுதி. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும், மறு பக்கம் ரோட்டை வெட்டிக்கொண்டிருப்பார்கள். லேப்பில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "கம்பெனிங்க வெளியே விடற தண்ணிய டெஸ்ட் பண்றது" என்றார்கள். நல்ல வேலை என்று வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். எதை வைத்து டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

கடல் முள்ளெலி என்று ஒரு உயிர். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாக இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை கடற்கரையிலிருந்து ஈரச் சாக்கு போட்ட பெட்டியில் வரும். அதற்கு ஒரு ஊசி போட்டுக் கவிழ்த்து வைத்தால், பெண்ணாக இருந்தால் முட்டைகள் மஞ்சள் மணல்போல இழை இழையாக இறங்கும். ஆணாக இருந்தால் வெள்ளையாகக் கசியும். அந்த வெள்ளைதான் விந்து. அந்த விந்தணுவைக் கம்பெனித் தண்ணீரில் போட்டு, அதற்குப் பிறகும் அது முட்டையைத் தேடிப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

பூஜை செய்துவிட்டுப் போகிறவன் நான். முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டில் என் மனைவி, "அங்க இன்னாதான் வேல உனுக்கு?" என்று கேட்டதற்கு, "உப்புத் தண்ணி வேல" என்றேன். "உப்புத் தண்ணியில இன்னா பண்றாங்க?" என்றாள். "உப்பு சரியா கீதான்னு பாக்கறாங்க" என்றேன். ரொம்ப நாள் அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

லேப்பின் பொறுப்பு டாக்டர் கமலவேணி அம்மாவிடம். நாங்கள் மேடம் என்போம். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, காதில் ஒரு பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும், "பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்பார். "மேடம், பெட்டியில ரெண்டு செத்துப்போச்சு" என்றால், "பாத்ததா, நெனச்சதா?" போய்ப் பார்த்தால் ஒன்று முள்ளை ஆட்டிக்கொண்டிருக்கும். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தக் கேள்வி வீட்டிலும் என் பின்னாலேயே வந்தது. குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தால், பார்த்ததா, நினைத்ததா என்று மனசு கேட்கும்.

வேலை முறையை அவர்தான் சொல்லித் தந்தார். வெள்ளையை அப்படியே கெட்டியாக ஐஸில் வைக்க வேண்டும். கெட்டியாக இருக்கும்வரை விந்தணு தூங்கும். ஒரு சொட்டு கடல் தண்ணீரில் விழுந்த அந்த நொடி விழித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அதன் பலம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால் எப்போது சொட்டு விட்டோம் என்று நேரம் எழுத வேண்டும். கம்பெனித் தண்ணீரில் கடல் அளவுக்கு உப்புச் சேர்த்து, அமிலம், காரம் எல்லாம் அளந்து எழுதி, அதற்குள் விந்தணுவைப் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, அப்புறம் முட்டையைச் சேர்க்க வேண்டும். சேர்ந்த முட்டையைச் சுற்றி வளையம் போல ஒரு தோல் எழும்பும். நூறு முட்டையில் எத்தனைக்கு வளையம் என்று எண்ணுவார். பக்கத்திலேயே வெறும் கடல் தண்ணீரில் இன்னொரு சோதனை நடக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு நாள் நான் கேட்டேன். "மேடம், அத்தாம் பெரிய தண்ணியில அதுக்கு முட்டை எங்க கீதுன்னு எப்படித் தெரியும்? கண்ணு கூட இல்லியே."

"முட்டை ஒரு பொருளைத் தண்ணியில விடுது. அது பரவுது. அது மேல பட்டதும் விந்தணு திரும்புது. எங்க அது அதிகமோ அந்தப் பக்கம் போகுது. கடல்ல எத்தனையோ உயிரு ஒரே சமயத்துல விடுது. ஆனாலும் தன் ஜாதி முட்டை விடற பொருளுக்குத்தான் இது திரும்பும்."

"மனுசனுக்கும் இப்படியா மேடம்?"

"பல உயிர்ல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பொருள் வேற. மனுஷன்ல எவ்வளவு தூரம்னு இன்னும் தேடிட்டிருக்காங்க. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

கண்ணில்லாத ஒன்றைக் கூப்பிட்டுத் திருப்புகிற ஒன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குக் கூச்சம் போய்விட்டது. கோயில் கருவறைக்குள் புட்டி கழுவுகிறவன்போல வேலை செய்தேன். மைக்ராஸ்கோப்பில் மட்டும் நான் பார்த்ததில்லை. அது படித்தவர்கள் பார்க்கிறது என்று ஒதுங்கியே இருந்தேன்.

இப்படி ஐந்து வருஷம் போயிற்று. பிறகு அந்த ஆவணி மாதம் வந்தது.

என் ஒரே மகள் வள்ளியைப் பென்னலூர்ப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை தணிகைவேல், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு முலாம் பூசும் கம்பெனியில் இருந்தான். சின்னக் கம்பெனி. நாற்பது பேர் இருப்பார்கள். கார் உதிரிப்பாகத்துக்கு முலாம் பூசி ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புவார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வள்ளி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம்.

அந்தப் பெரிய கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உங்கள் கழிவுத் தண்ணீர் உயிரைக் கெடுக்கவில்லை என்று தாள் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று முலாம் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் நின்றால் கம்பெனிக்கு வேறு வேலை இல்லை.

எங்களிடம் வருகிற புட்டியில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அந்த வியாழக்கிழமை கேனைத் தூக்கிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கியவன் என் மாப்பிள்ளையே.

"இன்னா மாமா, எங்க பொழப்பு உங்க கையிலதான் கீது" என்றான்.

"என் கையில இன்னாப்பா கீது? நான் புட்டி கழுவறவன்."

"அந்தப் புட்டிய கொஞ்சம் நல்லாத்தான் கழுவுங்களேன்" என்று கண்ணடித்தான்.

"தணிகை, அது மட்டும் என்னால ஆவாது."

"அய்ய, சும்மா சொன்னேன் மாமா. சாமிகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி வையுங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஹெல்மெட்டை மாட்டும்போது அவன் விரல் பட்டியைத் தேடித் தேடித் தடவியது.

கேனிலிருந்து இரண்டு புட்டி பிரித்தோம். ஒன்றுக்கு மெழுகு வைத்து, மேலே நானும் மேடமும் கையெழுத்துப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தோம். அதைச் சாட்சிப் புட்டி என்போம். பின்னால் தகராறு வந்தால் திறக்க. இன்னொன்றில் உப்புச் சேர்த்தேன். மேடம் காரம் அளந்து எழுதினார். பிறகு ஐஸ் பெட்டி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

அந்த அறையில் நானும் அந்தப் புட்டியும் மட்டும். மூடி திறந்திருந்தது. என் சட்டைப் பையில் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுக்கிற வீடு எங்களுடையது. நான் தண்ணீரை மாற்றவில்லை, சாமியைத்தான் கூப்பிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முருகா, வள்ளி வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக என்று சொல்லி ஒரு சிட்டிகை போட்டு, மூடியைத் திருகி, ஆட்டினேன். தண்ணீர் லேசாக மங்கித் தெளிந்தது.

மேடம் ஐஸ் பெட்டியோடு வந்தார். சொட்டு விட்டார். நேரம் எழுதினார். பத்து நிமிஷம் ஆனதும் முட்டையைச் சேர்த்தார். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் பீக்கர் கழுவுகிற சாக்கில் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார்.

"எப்படி மேடம்?"

"நல்லா இல்ல, ஏகாம்பரம். வளையமே கெடைக்கல."

கையிலிருந்த பீக்கர் தொட்டியில் நழுவி விழுந்து உடைந்தது. ஐந்து வருஷத்தில் நான் உடைத்த முதல் பீக்கர்.

முதலில் வந்த பயம் மாப்பிள்ளையின் வேலைக்கு. இரண்டாவது பயம் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது வந்தது. அது வேறு மாதிரி. தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்திருந்தால்? கெடுத்தது என் சிட்டிகையாக இருந்தால்? நாற்பது வீட்டு அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றிவிட்டேனா? சொன்னால், புட்டியில் கை வைத்தவன் என்று என்னை அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். எட்டாவது படித்த, ஐம்பது தாண்டிய ஆளுக்கு அந்த ரோட்டில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் பெயில் என்ற தாள் கம்பெனிக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை முழுக்க இதே யோசனை. பூஜைக்கு உட்கார்ந்தால் தட்டில் இருக்கிற திருநீற்றை எடுக்கக் கை வரவில்லை. வெறும் நெற்றியோடு கிளம்பினேன். "இன்னா, துன்னூறு வெக்காம போற?" என்றாள் மனைவி. "டைம் ஆயிடுச்சி" என்றேன்.

சனிக்கிழமை காலையில் ரிப்போர்ட் தயாராகிவிட்டது. மேடம் பேனாவைத் திறந்தார்.

"மேடம், கையெழுத்து போடாதீங்க."

நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, பேனாவை மூடினார். "உக்காருங்க."

உட்காரவில்லை. "அந்தப் புட்டியில நான் துன்னூறு போட்டேன் மேடம். நீங்க அளந்து எழுதனதுக்கு அப்புறம்."

ஏன் போட்டாய் என்று கேட்பார், எழுந்து கத்துவார், போலீஸ் என்பார் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் கேட்டது ஒரே வார்த்தை.

"எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை."

"சிட்டிகைன்னா? நெத்தியில பூசற சிட்டிகையா, கொழந்தைக்கு வெக்கற சிட்டிகையா?"

"கொழந்தைக்கு வெக்கறதுதான் மேடம்."

"வாங்க" என்று தராசுக்கு முன்னால் நிறுத்தினார். காகிதத்தை வைத்து, "அதே மாதிரி போடுங்க" என்றார். பாதி தராசுக்கு வெளியே கொட்டியது. "மறுபடி." மூன்று தடவை போட வைத்து எடை எழுதிக்கொண்டார். அந்தச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் முருகன் பிரசாதம் எடை போடப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ரெண்டு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு பதிவேட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால், 'சீக்கிரம் களைக்கிறது. ஏன்?' என்று எழுதியிருந்தது.

"எண்ணிக்கை எண்ணிக்கைதான், அதனால கையெழுத்து போட இருந்தேன். ஆனா இந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருந்தது. திருநீறு சாம்பல். சாம்பல் தண்ணியோட காரத்தை ஏத்தும். அது விந்தணுவைப் போட்டு முடுக்கிவிட்டிருக்கும். முட்டை வர்றதுக்குள்ள ஓடி முடிச்சிருக்கும்." பதிவேட்டை மூடிவிட்டு, "யாருக்காகப் போட்டீங்க?" என்றார்.

சொன்னேன். வள்ளியின் ஐந்து மாதத்தையும் சொன்னேன். அவர் குளிர்பெட்டியிலிருந்து சாட்சிப் புட்டியை எடுத்து வந்தார். மெழுகை என்னைத்தான் உடைக்கச் சொன்னார்.

மூன்று பாத்திரம் வரிசையாக வைத்தார். ஒன்றில் வெறும் கடல் தண்ணீர். இரண்டாவதில் கடல் தண்ணீரும் எடை போட்ட திருநீறும். மூன்றாவதில் சாட்சிப் புட்டித் தண்ணீர். எல்லாம் முறைப்படி செய்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி, "நீங்க பாருங்க" என்றார்.

"நானா மேடம்?"

"நீங்கதான். பாத்ததைச் சொல்லுங்க. நெனச்சதைச் சொல்லாதீங்க."

குனிந்தேன். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. அவர் திருகைத் திருப்பியதும் ஒரு பெரிய உருண்டை மிதந்து வந்தது. அதுதான் முட்டை. சுற்றிலும் புள்ளி புள்ளியாக, வாலோடு, வட்டம் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. முட்டைக்குக் கொஞ்சம் தள்ளி வந்ததும், ஒன்று சட்டென்று வெட்டித் திரும்பியது. நேராக முட்டையைப் பார்த்து. இன்னொன்றும் திரும்பியது. தெருவில் போகிறவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானே, அப்படி.

"திரும்புது மேடம். முட்டையச் சுத்தி வளையம் எழும்புது."

"சரி. ரெண்டாவது."

இரண்டாவதில் எல்லாம் கிடந்தன. ஒன்றிரண்டு வாலை ஆட்டின. என் சிட்டிகை. "களைச்சுக் கெடக்குது மேடம்" என்றேன்.

"மூணாவது."

மூன்றாவதில் கண்ணை வைத்தேன். முருகா முருகா என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தெளிந்தது. விந்தணுக்கள் ஓடின! முதல் பாத்திரத்தில் இருந்த மாதிரியே சுறுசுறுப்பாக, வட்டம் வட்டமாக.

"ஓடுது மேடம்! நல்லா ஓடுது! ஒண்ணுகூடச் சாவல!" என்று கத்திவிட்டேன். மாப்பிள்ளை பிழைத்தான், நாற்பது வீடும் பிழைத்தது, என் தப்பு என்னோடு போயிற்று என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடத்தின் குரல் என் தோளுக்குப் பின்னால் இருந்து வந்தது. "அவசரப்படாதீங்க. முட்டைகிட்ட என்ன நடக்குதுன்னு பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று முட்டையை நோக்கி வந்தது. முதல் பாத்திரத்தில் எந்த இடத்தில் திரும்பினவோ அந்த இடம் வந்தது. திரும்பவில்லை. அதே வட்டத்தைப் போட்டுக்கொண்டு முட்டையை உரசுகிற தூரத்தில் கடந்து போயிற்று. அடுத்ததும் அப்படியே. இன்னொன்றும். பலம் இருந்தது, உயிர் இருந்தது. முட்டை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. ஒரு முட்டைக்காவது வளையம் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். மொட்டை உருண்டைகள்தான் கிடந்தன.

செத்துக் கிடந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"திரும்பல மேடம்" என்றேன்.

"அதைத்தான் அந்தத் தண்ணி செய்யுது. நீங்க போட்டது அதை மூடி மறைச்சுட்டுது. நீங்க சொல்லலேன்னா, பெயில்னு மட்டும் எழுதியிருப்பேன். ஏன்னு தெரிஞ்சிருக்காது. அவங்களும் எதைச் சரி பண்றதுன்னு தெரியாம இருந்திருப்பாங்க."

"மேடம், வள்ளி தெரு போர்வெல்லு அந்தக் கம்பெனிக்குப் பக்கத்துல..." என்றேன்.

"முள்ளெலிக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகும்னு நான் சொல்லல. சொல்லவும் கூடாது. ஆனா என் பொண்ணா இருந்தா, அந்தத் தண்ணிய நான் குடிக்க விட மாட்டேன்" என்றார்.

பதிவேட்டில் நடந்ததை ஒரு வரிகூட விடாமல் எழுதினார். 'உதவியாளர் ஏகாம்பரம் மாதிரிப் புட்டியில் திருநீறு இட்டார். தாமாக வந்து சொன்னார். மறுசோதனை செய்யப்பட்டது.' கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "இதை மேல சொல்லியாகணும். சொல்லுவேன்" என்றார். சொன்னார். பத்து நாள் நான் யார் போன் அடித்தாலும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். பதினோராம் நாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அடுத்த நாள் ஆசாரி ஒருவர் வந்து கதவுக்கு வெளியே அந்தப் பலகையை அடித்தார். "நெத்தியில இருக்கறது உங்களோடது, ஏகாம்பரம். பையில இருக்கறது இங்க இருக்கட்டும்" என்றார் மேடம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் அதற்கு முன்னால், அந்தத் திங்கட்கிழமை, நான் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தாள் கம்பெனிக்குப் போய், ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். தணிகைவேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வா என்றுகூடச் சொல்லவில்லை. நான் செய்ததையும், மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா மாமா, துன்னூறப் போட்டு ஒருக்கா பெயில் பண்ணீங்க. அப்புறம் நீங்களே போயி ஒத்துக்கினு, இன்னொருக்கா டெஸ்ட் வெச்சு, மறுபடியும் பெயிலு. ஒரு தபா பெயிலானா பத்தாதா உங்களுக்கு? சாமிகிட்ட சொல்லுங்கன்னா, புட்டியில போடச் சொன்னனா?"

வள்ளி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள், கையில் தண்ணீர்ச் சொம்போடு. எனக்குக் கொடுக்கத்தான் மோந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் அந்தச் சொம்பையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"அப்பா, அந்தத் தண்ணி எங்க போவுது?"

நான் தணிகையைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"யோவ், உன்னத்தான் கேக்கறேன். கம்பெனித் தண்ணி எங்க போவுது?"

"பின்னால பைப்பு. அப்படியே கால்வாயில..." என்று இழுத்தான்.

"கால்வா எங்க போவுது?"

"ஏரிக்கு."

ஏரிக்கரையில்தான் அவர்கள் தெரு போர்வெல். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வள்ளி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தணிகை அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். யாரிடமும் இல்லாமல், "சாயங்காலம் ஆனா நான்தான் வால்வைத் திறந்து விடறேன்" என்றான்.

அவன் என்னிடம் கோபித்துக்கொண்டது அதுதான் கடைசி.

மறுநாளிலிருந்து தினமும் எங்கள் ஊர்க் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் வண்டியில் கட்டிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். தை மாதம் பேத்தி பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். கேன் தண்ணீர் காப்பாற்றியதா, அந்த போர்வெல் தண்ணீரில் ஒன்றுமே இல்லையா, முருகன் கைகொடுத்தானா, எனக்குத் தெரியாது. எது என்று சொன்னாலும் அது நினைத்ததுதான், பார்த்தது இல்லை. ஆனால் பிரசவ வார்டு வாசலில் நின்ற அந்த மணி நேரங்களில், கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போன அந்தப் புள்ளிகள்தான் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகும் நர்ஸிடம், "கூப்ட்டா திரும்புதாம்மா?" என்று கேட்டேன். "பொறந்து பத்து நிமிஷம்கூட ஆவல பெரியவரே" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

முலாம் கம்பெனி முதலாளி அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யார் யாரையோ பார்த்தார். புதுத் தொட்டி கட்டி, புது வடிகட்டி போட்டார்கள். பங்குனியில் மறுபடியும் ஒரு கேன் வந்தது. தணிகைவேல்தான் கொண்டுவந்தான். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை, சாமிகிட்ட சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. கேனை என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

என் நெற்றியில் திருநீறு இருந்தது. பொட்டலத்தை எடுத்துப் பலகையில் வைத்தேன். கையை முழங்கை வரை இரண்டு முறை கழுவினேன். உள்ளே போய் உப்புச் சேர்த்தேன், மெழுகு வைத்தேன், எல்லாம் செய்தேன். மேடம் சொட்டு விட்டார். பத்து நிமிஷம். முட்டை. பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

குனிந்தேன். முருகா என்று நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் போய்த் தண்ணீரில் கலந்துவிடுமோ என்று அவ்வளவு பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று வட்டமடித்துக்கொண்டு வந்தது. அந்த இடம் வந்தது. தாண்டப் பார்த்தது.

பிறகு அது வெட்டித் திரும்பியது.

"திரும்புது மேடம்."

"பாத்ததா, நெனச்சதா?"

கண்ணை எடுக்காமலே சொன்னேன். "பாத்தேன் மேடம்."